ஃபிட்டர் மாப்பிள்ளை மாட்டிய சைக்கிள் கப்பு

எனக்குப் பெண் பார்த்தபோது, பையன் செராமிக் கம்பெனியில் ஃபிட்டர் என்று சொல்லிவிட்டார்கள். சொன்னது என் அம்மா. நான் இருந்ததோ பேக்கிங்கில். பீங்கான் பிள்ளையாருக்கு வைக்கோல் சுற்றிப் பெட்டியில் படுக்க வைப்பது என் வேலை.

"ஆயிரம் பொய் சொல்லிக் கல்யாணம் பண்ணலாங்கறாங்க, நான் ஒண்ணுதானடா சொன்னேன்" என்றாள் அம்மா. மிச்சம் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பதையும் நான் சொல்ல வேண்டியிருக்கும் என்று அப்போது தெரியவில்லை.

கல்யாணமாகி மூன்றாவது மாதம், சித்திரை ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், கம்மாபுரத்திலிருந்து மாமனார் சைக்கிளில் வந்து இறங்கினார். கையில் ஒரு பொட்டலம்.

"மாப்ள, முன் சக்கரத்தப் புடிக்கிற ஃபோர்க்கு கடகடன்னு ஆடுதுங்க. புது கப்பு செட்டு வாங்கியாந்துட்டேன். கடக்காரன் மாட்டித் தரேன்னான். எங்க மாப்ளயே ஃபிட்டரு, நீ என்னாடா மாட்டறதுன்னு கேட்டுட்டு வந்துட்டேன். சாமானெல்லாம் இருக்குமில்ல? கிரீசு?"

"டப்பா டப்பாவா இருக்குதுங்க மாமா."

அது இரண்டாவது பொய். மாமனார் சாப்பிட்டுவிட்டுத் துண்டை உதறிப் படுத்தார். என் மனைவி என்னை அடுப்படிக்கு இழுத்தாள். நான் பேக்கிங் என்பது அவளுக்குக் கல்யாணமான மறுவாரமே தெரியும்.

"ஏங்க, எங்கப்பா ஊரு பூரா மாப்ள ஃபிட்டரு, மாப்ள ஃபிட்டருன்னு சொல்லிக்கினு திரியறாரு. தெரிஞ்சா மூஞ்சி செத்துப்பூடும். அவரு ஏந்திரிக்கிறதுக்குள்ள எப்பிடியாவது மாட்டிடுங்க."

சைக்கிளின் கழுத்துக் குழாயில் மேலே ஒன்று, கீழே ஒன்று என்று இரண்டு இரும்புக் கிண்ணங்கள் இறுக்கமாக உட்கார்ந்திருக்கும். அவைதான் கப்பு. அதற்குள் மிளகு மாதிரிக் குண்டுகள் உருளுவதால்தான் ஹேண்டில்பார் திரும்புகிறது. இது எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது, கழற்றிய பிறகு.

நட்டைக் கழற்ற இடுக்கி. பழைய கப்பை உள்ளேயிருந்து தட்டி எடுக்கக் கடப்பாரை. புதுக் கப்பை இறக்குவதற்கு, நாங்கள் உட்காரும் மணையை அதன்மேல் குறுக்கே வைத்து உலக்கையால் ஒரு போடு. டங்! உள்ளே குறட்டை நின்றது. நாங்கள் இருவரும் மூச்சைப் பிடித்து நின்றோம். குறட்டை மறுபடி கிளம்பியதும் அடுத்த போடு.

"மாவு இடிக்கிற உலக்கங்க அது" என்றாள்.

"இருக்கட்டும். வல்லவனுக்குப் புல்லும் ஆயுதம்."

"அது வல்லவனுக்கு."

கப்பு கோணலாக இறங்கி, எடுத்து, மறுபடி இறங்கி, எப்படியோ உட்கார்ந்துவிட்டது. குண்டுகள்தான் உட்காரவில்லை. கிரீஸ் இருந்தால் அதில் ஒட்டிக்கொண்டு நிற்கும். விளக்கெண்ணெய் தடவினேன், மேல் கப்பில் நின்றன, கீழ்ப் பக்கம் மாட்டப் போனால் பொலபொலவென்று கொட்டின. மனைவி முறத்தை எடுத்து வந்து பொறுக்கினாள். கடைக்குப் போகலாமென்றால், டப்பா டப்பாவாகக் கிரீஸ் வைத்திருக்கிறவன் எப்படிப் போவது?

பக்கத்து வீட்டில் பொம்மை செய்கிறவர்கள். அவள் சுவருக்கு மேல் எட்டிப்பார்த்து, கொழுக்கட்டை அளவுக்கு வெள்ளைக் களிமண் வாங்கி வந்தாள். குண்டுகளை அதில் பதித்தேன். மாதுளை முத்து மாதிரி வரிசையாக நின்றன! ஹேண்டில்பாரை மாட்டித் திருப்பினால் வெண்ணெயாகத் திரும்பியது. பேக்கிங்கில் இருந்தாலும் நானும் செராமிக்காரன். ஈரமண் எதையும் பிடித்துக்கொள்ளும் என்று தெரியும். காய்ந்தால் விடாது என்றும் தெரியும். இரண்டையும் சேர்த்து நினைக்கத்தான் தெரியவில்லை. எண்ணெய்க் கறையைத் துடைத்து, சைக்கிளை நல்ல வெயிலில் நிறுத்திவிட்டு மீசையைத் தடவிக்கொண்டேன்.

மாமனார் நான்கு மணிக்கு எழுந்து டீ குடித்தார். முன் சக்கரத்தைத் தூக்கித் தரையில் ஒருமுறை தட்டிப் பார்த்தார். சத்தமே இல்லை.

"கைன்னா இதான் மாப்ள கை! ஒரு ரவுண்டு போயிட்டு வரேன்" என்று ஏறி மிதித்தார்.

எங்கள் வீட்டிலிருந்து கொஞ்ச தூரத்தில் தெரு வலது பக்கம் திரும்பும். திரும்பாமல் நேரே போனால் தெருக்குழாய். மாமனார் நேரே போனார். மணியை அடித்தார். பெண்கள் குடங்களை இழுத்துக்கொண்டு இரண்டு பக்கமும் ஒதுங்க, நடுவே புகுந்து குழாய்த் தொட்டியில் முட்டி நின்றார்.

"பெருசு, நாங்கெல்லாம் காலைலேருந்து நிக்கறோம், லைன்ல வாங்க!" என்றாள் ஒருத்தி.

நாங்கள் ஓடினோம். நல்லவேளை, அவருக்கு வேட்டி நனைந்ததோடு சரி. சைக்கிளின் கழுத்து மட்டும் தண்ணீர் கொட்டும் குழாய்க்கு நேர்கீழே மாட்டிக்கொண்டு, உள்ளேயிருந்து வெள்ளை வெளேரென்று ஒழுகியது.

"இங்க பாருங்கடி, சைக்கிளு பால் கறக்குது!"

மாமனார் அந்தப் பாலை விரலால் தொட்டுத் தேய்த்தார். "மாப்ள, என்னாங்க இது?"

"களிமண்ணுங்க மாமா."

"எந்த ஃபிட்டரு இத போடுவான்?"

"நான் ஃபிட்டரு இல்லீங்க. பேக்கிங்கு."

அவர் துண்டை எடுத்து மெதுவாக முகத்தைத் துடைத்தார். மூஞ்சி செத்துவிட்டதா என்று பார்த்தேன். துண்டுக்குள்ளே தோள் குலுங்கியது. பயந்துபோய்க் கிட்டே போனால், மனிதர் சிரிக்கிறார்.

"வுடுங்க மாப்ள" என்றார் என் காதோரம். "பொண்ணு நல்லா சமைக்கும்னு நான் சொல்லல?"

காதோரம்தான் சொன்னார். ஆனால் வயல்காட்டில் கூப்பிட்டுப் பழகிய குரல். எங்களுக்குப் பின்னால் நின்றிருந்த அவர் மகள் சைக்கிளைப் பிடுங்கிக்கொண்டாள்.

"இத ரிப்பேரு பண்ணாம நீங்க எப்பிடிப்பா ஊருக்குப் போவீங்க? ரெண்டு நாளு இருங்க. மூணு வேளையும் நானே சமைக்கிறேன்."

மாமனார் என் கையைப் பிடித்துக்கொண்டார். எனக்கு மூன்று மாதப் பழக்கம். அவருக்குத்தான் பாவம், விட்டுப்போயிருந்தது.