வியாழக்கிழமைக்கு ஏங்கிய அக்கா

சனிக்கிழமை காலை பத்து மணிக்கு ஹீத்ரோவில் இறங்கினேன். பிக்கடில்லி ரயிலில் ஏறி, ஹாமர்ஸ்மித்தில் டிஸ்ட்ரிக்ட் ரயிலுக்கு மாறி, ஈஸ்ட் ஹாம் வந்துசேர ஒன்றே முக்கால் மணி நேரம். சூரிச்சிலிருந்து பறந்ததே அவ்வளவுதான்.

பையில் யாழ்ப்பாணத்து ஒடியலும் (காயவைத்த பனங்கிழங்கு) பனங்கட்டியும். அக்கா ஒரு மாதமாகச் சரியாகச் சாப்பிடுவதில்லை, ஊர் நினைப்பாக்கும் என்று அத்தான் போன் எடுத்திருந்தார். இருபத்திரண்டு வருடம் பேர்னில் நானிருக்கும் அதே கட்டடத்தில் இருந்தவர்கள், பிள்ளைகளின் ஆங்கிலப் படிப்புக்காக லண்டன் வந்து இரண்டு வருடமாகிறது. படிப்பு முடிந்து பிள்ளைகள் தனியே போய்விட்டார்கள்.

“உதெல்லாம் ஹை ஸ்ட்ரீட்டில எந்தக் கடையிலயும் இருக்கடா. இதையே காவிக்கொண்டு வந்தனீ?” என்றாள் அக்கா. கொஞ்சம் பொறுத்து, “எங்கட வியாழக்கிழமை இப்ப ஆருக்கு?” என்றாள்.

சுவிஸ் மாடிக் கட்டடங்களில் உடுப்புத் தோய்க்கும் மெஷின் நிலவறையில் பொதுவாக இருக்கும். வீட்டுக்கு ஒரு நாள்; அன்றைக்கு நிலவறைத் திறப்பு, அதாவது சாவி, அந்த வீட்டின் கையில். அக்காவுக்கு வியாழன்.

“மூண்டாம் மாடிப் போர்த்துக்கீசக்காரிக்கு.”

அக்கா அழுதாள். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. எந்த ஊருக்கு ஏங்குகிறாள் என்று கேளாமலே ஒடியல் தூக்கி வந்திருக்கிறேன்.

சாப்பிடும்போது, ஜெர்மன் வகுப்பில் படித்த ‘ஹைம்வே’ பற்றிச் சொன்னேன். ஹைம் என்றால் வீடு, வே என்றால் நோவு. சுவிஸ்காரர் பிறநாட்டு அரசர்களுக்குக் கூலிப்படையாகப் போன காலத்துச் சொல். முந்நூறு வருடத்துக்கு முன் சுவிஸின் பாசல் நகரில் ஒரு மருத்துவ மாணவர் அதை நோயென்றே ஆய்வேடு எழுதினார். அதில், பாசலுக்குப் படிக்க வந்து சாகக் கிடந்த ஒருவனை ஊருக்கு அனுப்பினார்களாம். பாதி வழியிலேயே தெளிந்துவிட்டானாம்.

“அவன் எந்த ஊர்?” என்றாள் அக்கா.

“பேர்ன்.”

அத்தான் கோப்பையைக் கழுவப் போய்விட்டார்.

ஞாயிறு காலை அக்கா ஆறு இடியப்பம் சாப்பிட்டாள். நான் எண்ணவில்லை என்று பொய் சொல்ல மாட்டேன்.

பதினொரு மணிக்கு என்னை வழியனுப்ப அத்தான் ஸ்டேஷன் வரை நடந்து வந்தார். “தம்பி, உங்கட கட்டடத்தில வீடு ஏதும் காலியோ?”

“முதலாம் மாடியில ஒண்டு காலியாகுது. ஆனா அதுக்குச் செவ்வாய்க்கிழமைதான், அத்தான்.”

“கொஞ்சம் பொறும்” என்று அங்கேயே நின்று அக்காவுக்குப் போன் போட்டார். இரண்டு நிமிடம் கேட்டுக்கொண்டிருந்தார்.

“செவ்வாய் எண்டாலும் காணுமாம்” என்றார். “நிலவறைத் திறப்புக்கு உம்மை இண்டைக்கே சொல்லி வைக்கட்டாம்.”