சட்டி நிற்காத சாயங்காலம்

என் தொழில் என்னவென்று எங்கள் வீட்டில் யாருக்கும் புரியவைக்க முடிந்ததில்லை. கட்டடம் கட்டுகிறாயா என்றால் இல்லை. எந்த வேலை எதற்கு முன்னால் வரவேண்டும், எதற்கு எத்தனை ஆள், எது தள்ளிப்போனால் எதெல்லாம் சேர்ந்து தள்ளிப்போகும் என்று கணக்குப் போட்டு, கம்ப்யூட்டரில் கட்டம் கட்டமாக வண்ணம் அடித்துக் கொடுப்பேன். "நாள் குறிச்சுக் குடுக்கற வேலைன்னு சொல்லிட்டுப் போயேன்" என்பார் அண்ணன். அவர் கட்டட மேஸ்திரி. அவர் புண்ணியத்தில் ஊரில் பாதிப் பேர் என்னை ஜோசியக்காரி என்றே நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

நல்லம்பள்ளிப் பக்கம் ஒரு மாங்கூழ் ஆலை கட்டும் வேலைக்கு அப்படித்தான் கட்டம் போட்டுக்கொண்டிருந்தேன். ஆலை ஒரு அக்காவுடையது. பல வருஷம் வேறு ஆலைகளில் சூப்பர்வைசராக இருந்துவிட்டு, சொந்தமாக ஒன்று தொடங்கத் துணிந்தவர். சுற்றுவட்டாரத்துத் தோட்டக்காரர்களிடம் வீடு வீடாகப் போய், "இந்த வருசம் காய வேற யாருக்கும் பேசிடாதீங்க, நான் எடுத்துக்கறேன்" என்று சொல்லிவிட்டு வந்திருந்தார். அவர்களும் வழக்கமாக வரும் வியாபாரிகளைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். எழுத்தில் ஒன்றும் கிடையாது. காய் இறங்கும் நேரத்தில் பாய்லர் எரியவில்லை என்றால் அத்தனை பேருடைய மாங்காயும் மரத்தடியிலேயே அழுகும். அதற்குப் பிறகு அந்த ஊர்களில் அக்கா தலைநிமிர்ந்து நடக்க முடியாது.

பாய்லரைத் தாங்கப்போகும் கான்கிரீட் மேடைதான் முழுத் திட்டத்துக்கும் உயிர்நாடி. அதை ஒரே மூச்சில் போட்டு முடிக்கவேண்டும். பாதியில் விட்டு மறுநாள் தொடர்ந்தால், பாய்லர் ஏறியதும் அந்த ஒட்டில் வெடிப்பு விடும். போட்ட பிறகு இறுக நாள் விடவேண்டும். பாய்லரைப் பொருத்துகிறவர்களோ வெளியூர்க்காரர்கள். குறித்த நாளைத் தவறவிட்டால் மாங்காய் சீசன் முடிந்துதான் திரும்ப வருவார்கள். நான் ஒரு செவ்வாய்க்கிழமையைக் குறித்தேன். காலையில் ஆரம்பித்தால் இருட்டி ஒரு மணி நேரத்தில் முடியும் என்பது என் கணக்கு. மழைக்கு இடம் விட்டிருந்தேன், சிமெண்ட் லாரி தாமதத்துக்கு விட்டிருந்தேன், கரண்ட் போவதற்குக்கூட விட்டிருந்தேன். எங்களுடையது மாதா கோயில் ஊர் என்பதால், பெரிய வெள்ளிக்கும் ஈஸ்டருக்கும் மறக்காமல் லீவு போட்டிருந்தேன்.

அதற்கு முந்தின வாரம் அக்கா வந்து நின்றார்.

"மேடம், செவ்வாக்கெழம எங்கூர்ல காப்பு கட்றாங்க."

மாரியம்மன் திருவிழா. போன வருஷம் இந்த மாதத்துக்கு முன்பே முடிந்துவிட்டதால் அதைப் பற்றி நான் நினைக்கவே இல்லை. ஆனால் அவர்கள் ஊரில் தேதியைக் காலண்டர் பார்த்து வைப்பதில்லை. அம்மன் சிலைமேல் பூ வைத்துவிட்டு உட்கார்ந்திருப்பார்கள். பூ வலப்பக்கம் விழுந்தால்தான் உத்தரவு. அந்த வருஷம் பூ விழத் தாமதமாகிவிட்டது. பூ விழுவதற்கு எந்தக் கம்ப்யூட்டரில் கட்டம் இருக்கிறது? காப்பு கட்டும்போது ஊர்க்காரர்கள் எல்லோரும் பொழுது சாய்வதற்குள் ஊர் எல்லைக்குள் வந்துவிடவேண்டும். பிறகு திருவிழா முடிகிறவரை வெளியே இரவு தங்கக் கூடாது. அக்கா அந்த ஊர். கான்கிரீட் போடும் மேஸ்திரியும் ஆட்களும் மொத்தமும் அந்த ஊர். செவ்வாய்க்கு முன்னால் கம்பி கட்டி முடியாது, பின்னால் தள்ளினால் கான்கிரீட் இறுக நாள் போதாது.

"கோயில் பெரியவங்ககிட்டப் பேசி ரெண்டு நாள் தள்ளி வெக்க முடியாதாங்கக்கா?" என்று கேட்டேன்.

"ஆத்தா உத்தரவு குடுத்த நாளுங்க. எம் பாய்லருக்காகத் தள்ளி வெய்யின்னு எந்த வாயால கேப்பேன்?"

"அப்ப தோட்டக்காரங்களுக்குச் சொன்னது?"

"அதுவும் சொன்னதுதானுங்க. ரெண்டுல ஒன்ன வுட எனக்கு மனசு வராது. பிளான் போடறவங்க நீங்கதான, வழி பாருங்க."

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. வீட்டுக்குப் போய் அண்ணனிடம்தான் கொட்டித் தீர்த்தேன். அவரிடம் உதவி கேட்கும் எண்ணம் சத்தியமாக எனக்கு இல்லை. இண்டூரில் ஒரு வேலைக்கு இவரும் அந்த மேஸ்திரியும் போட்டி போட்டதிலிருந்து, டீக்கடையில் எதிர்ப்பட்டால்கூட ஒருவர் டீயைப் பாதியில் வைத்துவிட்டுப் போய்விடுவார்.

அண்ணன் சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு வந்தார். "பொழுது சாயறப்பத்தான கெளம்புவாங்க? எங்க சைட்டும் அந்நேரத்துக்கு முடிஞ்சிரும். நம்மூரு ஆளுங்களக் கூட்டிக்கிட்டு வந்தர்றேன்."

"அது அவரு சைட்டுண்ணா."

"அவங்கூட எனக்குத்தான் ஆகாது. கான்கிரீட்டு என்ன பண்ணுச்சு?"

செவ்வாய்க்கிழமை விடிந்ததும் கலவை மெஷின் ஓட ஆரம்பித்தது. மெஷினிலிருந்து மேடை வரைக்கும் சாரத்தின் மேல் ஆண்களும் பெண்களும் வரிசையாக நின்று, கலவைச் சட்டியைக் கை மாற்றி மேலே ஏற்றினார்கள். மத்தியான வெயிலிலும் வரிசை ஓயவில்லை. நான் நிழலில் நின்றுகொண்டு சாயங்காலத்தையே நினைத்துக்கொண்டிருந்தேன். இவர்கள் இறங்கி, அவர்கள் ஏறி, யார் எங்கே நிற்பது என்று பேசி முடிக்க அரைமணி நேரமாவது ஆகும் என்று திட்டத்தில் எழுதியிருந்தேன். அந்த வெக்கையில் அரைமணி நேரம் கலவை சும்மா கிடப்பது நல்லதில்லை.

வெயில் தணிந்தபோது ஊர்ப் பக்கமிருந்து மேளச்சத்தம் கேட்டது. அதே நேரம் அண்ணனின் மினி வேனும் வந்து நின்றது. பகல் முழுக்க வேறு இடத்தில் உழைத்துவிட்டு வந்தவர்கள், லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு, சேலையை இழுத்துச் சொருகிக்கொண்டு நேராக வரிசைக்குப் போனார்கள். ஒருவரும் உத்தரவு போடவில்லை. வரிசையின் அடியில் நின்ற பெண்ணுக்குப் பக்கத்தில் எங்கள் ஊர்ப் பெண் போய் நின்றாள். ஒரு சட்டியை இரண்டு பேரும் சேர்ந்து வாங்கினார்கள், சேர்ந்தே கொடுத்தார்கள். அடுத்த சட்டி வந்தபோது முதல் பெண் விலகியிருந்தாள். அதற்கு மேலே இருந்தவரும் அப்படியே மாறினார். பிறகு அதற்கும் மேலே. ஆட்கள் மாறிக்கொண்டே போனார்கள். சட்டி மட்டும் நிற்கவே இல்லை, ஒன்றுகூடத் தரையில் படவில்லை. கடைசியில் மேடை உச்சியில் மேஸ்திரிகள் இரண்டு பேரும் எதிரெதிரே நின்றார்கள்.

"அந்த மூலையில கம்பி நெருக்கமா இருக்குது. நல்லாக் குத்தி வுடு" என்றார் அவர், முகத்தைப் பார்க்காமல்.

"பாத்துக்கறேன். நீ கெளம்பு, நேரமாச்சு" என்றார் அண்ணன்.

பெரிய பெரிய பாலங்கள் எழும்புவதைப் பக்கத்தில் இருந்து பார்த்தவள் நான். அன்றைக்குப் பார்த்ததற்கு ஈடாக இன்றுவரை எதையும் பார்த்ததில்லை. கண் நிறைந்து, வரிசை கலங்கலாகத் தெரிந்தது.

அக்கா கேட்டருகில் ஸ்கூட்டியைப் பிடித்தபடி நின்றிருந்தார். அவரும் போயாகவேண்டும்.

"பயமா இல்லையாங்கக்கா?"

"இருக்குதுங்க" என்றார். மேடையை ஒருமுறை பார்த்தார். "அங்க போயி ஆத்தாகிட்ட நின்னுக்கறேன். இங்க இவங்க நிக்கறாங்க."

இருட்டிக் கொஞ்ச நேரத்தில் மேடை முடிந்தது. மறுநாள் காலையில் அக்கா வந்து அதன்மேல் உள்ளங்கையை வைத்தார். கான்கிரீட் இறுகும்போது சூடு விடும். "காச்சக்காரப் புள்ள மாதிரி சுடுது" என்று சொல்லிவிட்டு, கையை எடுக்காமல் வெகுநேரம் நின்றார். பாய்லர் குறித்த நாளில் வந்து ஏறியது.

காய் இறங்கிய முதல் நாள் எனக்கு அங்கே வேலை இல்லை. இருந்தாலும் போனேன். புகைபோக்கியில் புகை வந்துகொண்டிருந்தது. கேட்டிலிருந்து தார்ரோடு வரைக்கும் மாங்காய் ஏற்றிய டிராக்டர்கள் நின்றன. முதல் டிராக்டரிலிருந்து இறங்கிய தோட்டக்காரர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு அக்காவிடம் வந்தார்.

"மழை வர்ற மாதிரி இருந்துச்சு. வியாபாரிங்க மூணு தடவ வந்து கேட்டாங்க, பறிச்சுக் குடுத்துருன்னு வூட்லயும் ஒரே சண்ட. நீ சொல்லியிருந்தியேன்னு மரத்துலயே வுட்டு வெச்சிருந்தேம்மா."

அக்கா டிராக்டரின் பின்பக்கத்தைக் கையால் காட்டினார். பின்கதவைத் திறந்துவிட்டார்கள். ஒரு வருஷத்துக் காய், அவர் சொன்ன ஒரு வார்த்தைக்காகச் சரிந்து இறங்கிக்கொண்டிருந்தது.