ஓடையைத் தாண்டாத பந்து

கோல்ஃப் சொல்லித்தருவது என்பது, காலையிலிருந்து மாலைவரை அடுத்தவர் முதுகையும் முழங்காலையும் பார்த்துக்கொண்டு நிற்கிற தொழில். ஊட்டியில் பல வருடம் அப்படி நின்றேன்; தோள்வலி வந்து இப்போது வீட்டில் உட்கார்ந்திருக்கிறேன். முதல் அடியிலேயே பந்தை முள்புதருக்குள் விட்டுவிட்டு, யாராவது பார்த்தார்களா என்று நீங்களும் திருதிருவென்று முழித்திருந்தால், நாம் ஒரே கட்சி.

எங்கள் ஊர்க் காற்று

திருப்பூரில் பனியன் கம்பெனி வைத்திருந்த ஒருவர், மே மாத விடுமுறைக்கு வந்து கற்றுக்கொண்டார். மலைக்காற்று லேசு, பந்து இங்கே கொஞ்சம் கூடுதலாகவே போகும் என்று முதல் நாளே சொன்னேன். அவர் காதில் வாங்கவில்லை. எல்லாம் என் கைராசி என்று நம்பி, ஒரு பெட்டி பனியனும் கொடுத்துவிட்டு ஊருக்கு இறங்கினார். அடுத்த வாரமே போன்.

"ஏனுங்க மாஸ்டர், அங்க பறந்த பந்து இங்க படுத்துக்குச்சுங்க. எனக்குச் சொல்லிக் குடுத்தீங்களா, பந்துக்குச் சொல்லிக் குடுத்தீங்களா?"

மூடுபனியில் ஒரு பாடம்

அடித்து முடிக்கும்வரை தலையைத் தூக்காதீர்கள் என்று கத்திக் கத்தியே என் தொண்டை போனது. கட்டபெட்டுப் பக்கம் ஒரு டீ ஃபேக்டரியில் அதிகாரியாக இருந்தவருக்கோ, ஸ்டிக் பந்தில் படுவதற்கு முன்பே பந்து எங்கே போகிறதென்று பார்க்கிற அவசரம். பாதிப் பந்துகள் காலடியிலேயே உருளும்.

ஒரு ஜூலைக் காலையில் எதிரே ஒன்றுமே தெரியாத மூடுபனி. பார்க்க எதுவும் இல்லாததால் மனிதர் குனிந்த தலை குனிந்தபடியே அடித்தார். பனி விலகியதும் போய்ப் பார்த்தோம். புல்வெளிக்கு நட்டநடுவில், அவர் அதுவரை எட்டாத தூரத்தில் கிடந்தது பந்து. எனக்கே கண் கலங்கிவிட்டது.

"மாஸ்டர், இனிமே மிஸ்ட் எறங்கினா ஒரு போன் போடுங்க. ஃபேக்டரிக்கு லீவு சொல்லிட்டு வந்தர்றேன்."

நடராஜன் போட்ட சபதம்

கோயம்புத்தூரில் ஜவுளிக்கடை வைத்திருந்த நடராஜன், சனிக்கிழமை தவறாமல் மனைவி சரசுவுடன் காரில் வருவார். முழு ஆட்டம் ஆட மாட்டார். டிரைவ் என்கிற முதல் நீள அடிகள் மட்டும்தான். எதிரே புல்வெளியின் குறுக்கே ஒரு சின்ன ஓடை. என்றைக்குத் தன் பந்து அதைத் தாண்டவில்லையோ, அன்றோடு ஸ்டிக்கை மூட்டை கட்டிவிடுவேன் என்று எல்லோரிடமும் சொல்லிவைத்திருந்தார். வீம்புக்காரர், சொன்னால் செய்துவிடுவார்.

வயதாக ஆக அடி குறைந்தது. கண்ணிலும் புரை விழுந்து, பந்து போவதே அவருக்குத் தெரியாமல் போனது. நான் வாயைத் திறப்பதற்குள் பெஞ்சிலிருந்து அந்த அம்மாள் முந்திக்கொள்வார். பந்து ஓடையில் விழுந்து தண்ணீர் தெறிப்பதை நாங்கள் இரண்டு பேரும் பார்த்துக்கொண்டுதான் இருப்போம்.

"தாண்டீருச்சுங்க! நல்லாத் தாண்டீருச்சுங்க!"

ஆபரேஷனுக்குப் பிறகு

கண் ஆபரேஷன் முடிந்து அவர் வந்த முதல் சனிக்கிழமை பளீரென்று வெயில். அந்தப் பாழாய்ப்போன மூடுபனி அன்றைக்குப் பார்த்து வரவில்லை. அடித்தார். பந்து போய் ஓடையில் விழுந்ததை அவரே பார்த்தார். இன்னொன்றும் விழுந்தது. மெல்லத் திரும்பி, "இத்தன நாளும் தாண்டுச்சுன்னு சொன்னியே சரசு?" என்றார்.

அந்த அம்மாள் தலையைக் குனியவில்லை. "ஊட்லயும் கடையிலயும் எங்கூட எங்கீங்க பேசறீங்க? கார்ல மலையேறி எறங்கறப்பத்தான் நாலு வார்த்த பேசறீங்க. தாண்டலைன்னு சொல்லி நானே அதயும் நிறுத்தோணுமாக்கும்?" என்றார்.

நடராஜன் ஸ்டிக்கின் நுனியைத் துடைத்துக்கொண்டே என் பக்கம் திரும்பினார்.

"ஓடைய எவனோ தப்பான எடத்துல வெட்டிப்போட்டானுங்க மாஸ்டர். அடுத்த சனிக்கிழமை பாத்துக்கலாம்."

அதற்குப் பிறகும் பல சனிக்கிழமைகள் அவர்கள் வந்தார்கள். என்னிடம் படித்தவர்களில் டிரைவ் கொஞ்சமும் தேறாமல் போனவர் அவர்தான், சனிக்கிழமையானால் நான் இன்றைக்கும் ரோட்டில் தேடுவது அவர் காரைத்தான்.