கோயில் வரைக்கும் தார்

எங்கள் தோட்டத்தில் ரோடு வேண்டுமென்றால் மனு எழுத மாட்டார்கள், திருவிழா வைப்பார்கள். ஒய்பியை, அதாவது சட்டமன்ற உறுப்பினரை, சிறப்பு விருந்தினராக அழைப்பார்கள். அவர் கார் வரும் வழியில் குழி இருக்கக் கூடாதல்லவா, அதனால் அவருக்கு முன்னே தார் வந்துவிடும். டுரியான் துங்கால் பக்கத்தில் இருக்கும் அந்தப் பழைய ரப்பர் தோட்டத்து ஜனங்களுக்கு இது தெரியும். மாநில மேம்பாட்டு வேலையில் இருக்கும் எனக்கு இன்னும் நன்றாகத் தெரியும். தலைவர்கள் போகுமிடத்துக்கு முன்கூட்டியே போய்ப் பாதையைப் பார்த்து, எங்கெங்கே ஒட்டுப்போட வேண்டுமென்று ரோடு போடும் குத்தகையாளரிடம் சொல்வது என் பொறுப்பு. வெளிநாட்டு முதலீட்டாளர்களை உட்காரவைத்து, நாடு எப்படி வளர்ந்திருக்கிறது என்று திரையில் படம் காட்டுவதும் நான்தான். இரண்டையும் டை கட்டிக்கொண்டே செய்கிறேன்.

என் பெரியம்மா இன்னும் அந்தத் தோட்டத்து லயத்தில்தான், தொழிலாளர்களுக்குக் கட்டிய வரிசை வீடுகளில் ஒன்றில், இருக்கிறார். கோயிலைத் தாண்டிக் கொஞ்ச தூரம். சிறுநீரகம் கெட்டுப்போய், ஒருநாள் விட்டு ஒருநாள் பாச்சாங்குக்கு டயாலிசிஸ் போக வேண்டும். நோயாளிகளைக் கூட்டிப்போகும் வேன் பெரிய ரோட்டோடு நின்றுவிடும். ஒருமுறை செம்மண் சேற்றில் சக்கரம் புதைந்து, உள்ளே இருந்த மற்ற நோயாளிகளெல்லாம் தவித்துப்போனார்கள். அதிலிருந்து உள்ளே வருவதில்லை. மருமகள்தான் சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு போவாள். மழை பெய்தால் நாற்காலி நகராது. அன்றைக்குப் பெரியம்மா போகாமலே இருந்துவிடுவார். கால் வீங்கும், மூச்சு வாங்கும். அந்தப் பாதை தோட்டக் கம்பெனி நிலம், அரசாங்கம் கைவைக்க முடியாது என்று எங்கள் ஆபீஸில் நாங்கள் பல வருஷமாகப் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறோம். ஒய்பி வரும்போது மட்டும் அது யார் நிலம் என்று எவனும் கேட்பதில்லை.

இந்தத் தடவை திருவிழாவுக்கு ஒய்பியைக் கூட்டிக்கொண்டு வந்துவிடு என்று பெரியம்மா சொன்னார். எதற்கென்று சொல்லவில்லை, சொல்லவும் தேவையில்லை. ஒய்பியின் உதவியாளரை விடாமல் நச்சரித்து நாள் வாங்கினேன். பெரிய சாதனை செய்துவிட்ட மாதிரி இருந்தது. வீட்டில் இரண்டு முறை சொல்லிக்கூடக் காட்டினேன்.

முதலீட்டாளர் கூட்டத்துக்குப் படங்களை அடுக்கிக்கொண்டிருந்தபோது குத்தகையாளர் போன் செய்தார். எப்போதும் கேட்கிற கேள்விதான். ஒய்பி கார் எது வரைக்கும் போகும்? கோயில் வரைக்கும், அங்கேயே திரும்பிவிடும் என்றேன். எப்போதும் சொல்கிற மாதிரியே சொல்லிவிட்டுப் போனை வைத்தேன். லயத்து வீடுகளையும் பார்ப்பார் என்று ஒரே ஒரு பொய் போதும், பெரியம்மா வாசல் வரைக்கும் தார் போயிருக்கும். அறிக்கைகளில் எத்தனையோ பொய்யைப் பூசி மெழுகியவன் நான். அன்றைக்குப் பார்த்து வாயில் உண்மை வந்தது.

திருவிழா நாளில்தான் கண்ணால் பார்த்தேன். தார் பளபளவென்று கோயில் வாசல் வரைக்கும் வந்து, கத்தியால் அறுத்த கேக் மாதிரி நேராக முடிந்திருந்தது. அந்தப் பக்கம் முந்தின நாள் மழையில் ஊறிய செம்மண். ஒய்பி மேடையேறி, வளர்ச்சியில் ஒருவரும் விடுபடக் கூடாது என்றார். எல்லாரும் கைதட்டினார்கள். அதன்பிறகு கோயில் தலைவர், நம் தோட்டத்துப் பிள்ளையால்தான் இந்த ரோடு வந்தது என்று மைக்கில் சொல்லி, என்னைக் கூப்பிட்டுப் பொன்னாடை போர்த்தினார். வேண்டாமென்று சொல்லத் தைரியமில்லாமல் குனிந்து வாங்கிக்கொண்டேன். நிமிர்ந்தபோது பெரியம்மா தெரிந்தார். சேற்றில் எப்படியோ தள்ளிக்கொண்டு வந்த நாற்காலிச் சக்கரம், புதுத் தாரில் சிவப்பாக இரண்டு கோடு போட்டிருந்தது. அவரும் கைதட்டிக்கொண்டிருந்தார். எனக்கு அந்த இடத்திலேயே செத்துவிடலாம் போலிருந்தது.

பொன்னாடையைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு கீழே இறங்கிப் பெரியம்மாவிடம் போனேன். மீதி ரோட்டுக்கு வேறு ஏற்பாடு செய்கிறேன் என்று ஏதோ உளறினேன். அதை அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. வேறொன்றை யோசித்துக்கொண்டிருந்தார்.

"ஒய்பி சாவு வீட்டுக்கும் வருவாருல்ல தம்பி? நான் போய்ட்டா வீடு வரைக்கும் வந்துதான ஆகணும். அப்பப் போட்டுருவாங்களா?"

கிண்டல் இல்லை, குத்தல் இல்லை. பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்பது போலக் கேட்டார். நானும் ஆபீஸ் கவுண்டரில் உட்கார்ந்திருப்பவன் மாதிரி உடனே பதில் சொன்னேன்.

"சாவுக்கு வந்தா போட மாட்டாங்க பெரியம்மா. டைம் பத்தாது."

சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னேன் என்பது எனக்கே உறைத்தது. பெரியம்மா கோபப்படவில்லை. கவர்மெண்டில் வேலை பார்க்கும் பிள்ளை சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்பது போலத் தலையாட்டினார். மருமகள் வந்து நாற்காலியைத் திருப்பினாள். நான் தள்ளுகிறேன் என்று வாங்கிக்கொண்டு, தார் முடிகிற இடம் வரைக்கும் தள்ளினேன்.