தேர்ச் சக்கரத்தின் பக்கத்தில் நின்றுபோன படம்

ஞாயிற்றுக்கிழமை மதியம் கறிசோறு முடிந்த கையோடு என் மகள் கூடத்துத் திரைகளை இழுத்து மூடினாள். ராஜா காலத்துப் படம். அவளுடைய கல்லூரித் தோழிகள் கூட்டமாக வேலூர் தியேட்டருக்குப் போய் அதைப் பார்த்த வாரத்தில், இவள் தோள்பட்டை எலும்பு முறிந்து கட்டுப் போட்டுக்கொண்டு கட்டிலில் கிடந்தாள். இப்போது படம் வீட்டு டிவிக்கே வந்துவிட்டது.

"யாரும் பேசக் கூடாது. எந்திரிச்சுப் போவக் கூடாது. தியேட்டர்ல எப்டிப் பார்ப்பமோ அப்டி" என்று சட்டம் போட்டாள். எங்கள் வீட்டில் சட்டம் போடுவதற்கு ஆள் பஞ்சமே இல்லை. கேட்பதற்குத்தான் பஞ்சம்.

ரிமோட் என் கையில் இருந்தது. அவளுடைய ஸ்கூட்டர் சாவி என் சட்டைப் பையில் இருந்தது.

"நாளைக்கு நானே வண்டி எடுத்துகினு போறேன்ப்பா. சாவி குடு."

"படம் முடியட்டும், சொல்றேன்" என்றேன். வேறு என்ன சொல்வது? எலும்பு கூடிவிட்டது, வண்டி ஓட்டலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அவர் பார்த்தது அவளுடைய எலும்பை. என்னை யாரும் பரிசோதிக்கவில்லை. ஆற்றுப் பாலத்துக்கு இந்தப் பக்கம் எங்கள் வீடு, அந்தப் பக்கம் ஆரணி பஸ் ஸ்டாண்டு. அங்கே வண்டியை நிறுத்திவிட்டு வேலூர் பஸ் பிடிப்பாள். விபத்துக்குப் பிறகு நான்தான் என் பைக்கில் கொண்டுபோய் விடுகிறேன். நான் ஓட்டுகிற வேகத்தில் அவள் பஸ் போய்விடுகிறது, என் பள்ளிக்கூடத்து மணியும் அடித்துவிடுகிறது. நான் மேல்நிலைப் பள்ளியில் வணிகவியல் நடத்துகிறவன். தலைமையாசிரியர் என்னைப் பார்க்கும்போதெல்லாம் கடிகாரத்தையும் பார்க்கிறார். இப்படியே எத்தனை நாள் ஓட்டுவது என்று எனக்கும் தெரியாது. ஆனால் சாவியைக் கொடுக்க மட்டும் கை வரவில்லை.

அவளுடைய ஷால் பின்சக்கரத்தில் சிக்கியது. எனக்குத் தெரிந்தது இந்த ஒரு வரிதான். யாரோ போன் செய்தார்கள், ஓடினேன். பாலம் முடிகிற இடத்தில், அரிசி ஆலை மதில் ஓரமாக அவளைச் சாய்த்து உட்கார வைத்திருந்தார்கள். கழுத்தைச் சுற்றிக் கயிறு இறுக்கியது போலச் சிவப்பாக ஒரு கோடு. எப்படி நடந்தது என்று நான் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. அந்தக் கோடு மறைந்துவிட்டது. எனக்கு மட்டும் அது இன்னும் தெரிகிறது.

படம் ஆரம்பித்தது. ஒரு கோட்டை, அதை வளைத்துக்கொண்ட எதிரிப் படை, உள்ளே புருஷனை இழந்த ஒரு ராணி. நன்றாகத்தான் இருந்தது. முதல் குதிரை இடறி விழுகிற வரைக்கும். குதிரை விழுந்ததும் என் விரல் தானாக அமுக்கியது. படம் தாவிப் போய், எல்லோரும் பந்தியில் உட்கார்ந்து சாப்பிடுகிற இடத்தில் நின்றது.

"இன்னாப்பா பண்ற?"

"கை பட்டுடுச்சு."

அடுத்தது யானை மதிலை முட்டியது. அதிலிருந்து ஆட்கள் விழுந்தார்கள். அமுக்கினேன். நாட்டியம் வந்தது. மதில் மேலிருந்து ஏணியைத் தள்ளினார்கள். அமுக்கினேன். மறுபடியும் நாட்டியம்.

தரையில் உட்கார்ந்து நெய்து வந்த புடவைகளை மடித்துக்கொண்டிருந்த என் மனைவி தலையைத் தூக்கினாள். "இன்னாங்க இது, சண்டைப் படம்னு சொன்னா, ஆடிகினே கீறாங்க? எப்பதான் சண்ட போடுவாங்க?"

"அப்பா சண்டைய எல்லாம் தாண்டி வுட்டுகினு கீறாரும்மா" என்றாள் மகள்.

அந்த நேரம் பார்த்து என் மனைவியின் அண்ணன் வந்து சேர்ந்தார். அடுத்த தெருவில் வீடு. பட்டுப் புடவைக்கு டிசைன் போடுகிறவர். கம்ப்யூட்டரில் கட்டம் கட்டமாகப் பூவும் மயிலும் வரைந்து கொடுப்பார். அதன்படி முள்ளிப்பட்டுக் கிராமத்தில் தறி வைத்திருக்கும் வீடுகளுக்கு என் மனைவி பட்டும் ஜரிகையும் கொடுத்து நெய்து வாங்குகிறாள். இருவரும் சேர்ந்துவிட்டால் உலகத்தில் புடவையைத் தவிர வேறு பொருள் கிடையாது. துக்க வீட்டில்கூட யார் என்ன உடுத்தியிருக்கிறார்கள் என்று கண்ணாலேயே பேசிக்கொள்வார்கள்.

"ரிமோட்டு அவர் கையில இருக்கக் கூடாது மாமா. நீ வாங்கி வெச்சுக்க" என்றாள் மகள். என் கையிலிருந்து பிடுங்கி அவரிடம் கொடுத்தாள். பேயிடமிருந்து பிடுங்கிப் பிசாசிடம் கொடுத்ததுபோல் ஆயிற்று.

அரசவை வந்தது. நிறுத்தினார். "தங்கச்சி, அந்த மந்திரி பொண்டாட்டி கட்டிகினு கீறது பாரு. இந்த கலரு அந்தக் காலத்துல ஏது?" கோயில் வந்தது. நிறுத்தினார். "கரையப் பாத்தியா? ஒட்டு வெச்சுத் தெச்சிருக்கான். நெசவே இல்ல." ராஜகுமாரன் அம்மாவின் மடியில் உயிரை விட்டுக்கொண்டிருந்தான். நிறுத்தினார். பையனின் தலை மறைத்ததால் மடியிலிருந்த பூவேலை சரியாகத் தெரியவில்லை என்று அவருக்கு வருத்தம்.

"மச்சான், அந்தப் புள்ள செத்துகினு கீது" என்றேன்.

"சாவட்டும் மாப்ள, எங்க போயிடப் போறான்? ஒரு போட்டோ எடுத்துக்கிறேன், இருங்க."

எனக்கு எரிச்சல் தலைக்கு ஏறியது. படம் முடிந்தால் பதில் சொல்லியாக வேண்டும், ஆகவே அது முடியாமல் இருப்பதில் எனக்கு லாபம்தான். இருந்தாலும் ஒரு மனிதன் எவ்வளவுதான் பொறுப்பான்? மூச்சு விட முடியாமல் பாதி வாய் திறந்தபடி நிற்கிற பையனின் முகத்தை எதிரே வைத்துக்கொண்டு ஜரிகை கணக்கு பேசுகிறார்கள்.

பிறகுதான் அந்தத் தேர் வந்தது.

கோட்டை விழப்போகிறது. தேரோட்டி அம்பு பட்டுச் சாய்ந்துவிட்டான். ராணி தானே கடிவாளத்தைப் பிடிக்கிறாள். தேர் கதவைத் தாண்டிப் பாய்கிறது. அவளுடைய முந்தி தோளிலிருந்து விடுபட்டு நீளமாகப் பின்னால் பறக்கிறது. காற்றில் தாழ்ந்து, பெரிய சக்கரத்துக்குப் பக்கத்தில் இறங்குகிறது.

நான் கண்ணை மூடுவதற்குள் மச்சான் கத்தினார். "அப்டியே! அப்டியே நிறுத்து!" ரிமோட் தன் கையில்தான் இருக்கிறது என்பதே அவருக்கு மறந்துபோயிருந்தது. அமுக்கினார். முந்தி முழுதாக விரிந்து, அதன் ஓரம் சக்கரத்தின் ஆரங்களைத் தொடும் இடத்தில் படம் நின்றது.

அந்தப் பெரிய டிவியை வாங்கியதற்காக என்னையே நான் திட்டிக்கொண்டேன்.

"முந்தி மொத்தமா வந்து மாட்டிச்சு தங்கச்சி! பாரு, நடுவுல ஒரு பூ, சுத்தி கொடி" என்று போனைத் தூக்கினார். படத்தை நிறுத்தினால் திரையின் அடியில் ஒரு பட்டை வருமே, அது கரையை மறைத்துக்கொண்டது. "பத்து செகண்டு பின்னாடி போவட்டும்." போயிற்று. ராணி மறுபடி கடிவாளத்தைப் பிடித்தாள். முந்தி மறுபடி விடுபட்டது, பறந்தது, சக்கரத்தை நோக்கி இறங்கியது. நிறுத்தினார். இந்தத் தடவை கலங்கலாக இருந்தது. மறுபடி பின்னால். மறுபடி முந்தி, மறுபடி சக்கரம். என் சட்டை முதுகில் ஒட்டிக்கொண்டது.

"போதும் மச்சான்" என்றேன்.

"ஒரே ஒரு வாட்டி மாப்ள. தீபாவளிக்கு இதுதான் ஓடப்போவுது. ராணி முந்தின்னு கடைக்காரன் கேட்டுகினு வருவான் பாருங்க."

என் மனைவி எழுந்து திரைக்குப் பக்கத்தில் போய்க் கண்ணைச் சுருக்கினாள். "இது பட்டே இல்லண்ணா. பட்டு இவ்ளோ லேசாப் பறக்காது. சக்கரத்துல மாட்டினா பர்ருனு கிழிஞ்சிடும் இது."

"கரெக்ட்டு! நம்ம சரக்கா இருந்தா தேரையே நிறுத்திப்புடும். ரெண்டு பக்கமும் ஆள் நின்னு இஸ்தாலும் அறாது" என்று மச்சான் தொடையைத் தட்டினார்.

"அதான் மாமா. அன்னிக்கு நூல் ஷாலு. அறுந்துச்சு" என்றாள் என் மகள்.

சோபாவில் கால் மேல் கால் போட்டு, பொரிகடலை தின்றுகொண்டே சொன்னாள். வேறு யாருக்கோ நடந்ததைச் சொல்வது போலத்தான் இருந்தது.

"முந்தின நாள் ராத்திரி நீ குடுத்த பட்டு ஷாலத்தான் எடுத்து வெச்சிருந்தேன், காலேஜ்ல ஃபங்ஷன்னு. காலைல மழை தூறுச்சு. நனைஞ்சா வீணாப்போவும்னு அத வெச்சிட்டு நூல் ஷாலப் போட்டுகினு போனேன். பாலத்து மேல காத்து. இடது பக்கத்து நுனி மொதல்ல போச்சு. கழுத்த இஸ்துச்சு. நான் கைய எடுத்து ஷாலப் புடிச்சேன், அதனாலதான் வண்டி சாஞ்சுது. அப்பறம் அறுந்துச்சு. பட்டா இருந்தா அறுந்திருக்காது."

அந்தப் பட்டு ஷாலைத் தறியில் நெய்யச் சொல்லி, அவள் பிறந்த நாளுக்கு அவரே கொண்டுவந்து தோளில் போட்டவர் மச்சான். போனைக் கவிழ்த்து மடியில் வைத்துக்கொண்டார். "அந்த ஷால எனக்குத் திருப்பிக் குடுத்துடும்மா" என்றார்.

"ஏன், கல்யாணத்துக்குக் கார்ல போறப்ப போட்டுப்பேன். மூஞ்ச ஏன் மாமா இப்டி வெச்சிகினு கீற? நான் இங்கதான கீறேன்."

திரையில் ராணி அப்படியே நின்றிருந்தாள். இத்தனை நாளும் நான் கேட்கப் பயந்த கதை அவ்வளவுதான். பொரிகடலை தின்னும் நேரத்துக்குள் முடிந்துவிட்டது. எத்தனை பகல் பள்ளிக்கூடத்தில் பலகையைப் பார்த்துக்கொண்டு நின்று, அதை விதவிதமாக நானே கற்பனை செய்து செய்து செத்திருக்கிறேன். ஒரு தடவை கேட்டிருக்கலாம். அவளாவது சொல்லியிருக்கலாம். எரிச்சல் இப்போது யார் மீது என்றே தெரியவில்லை.

என் மனைவிக்கு அப்போதுதான் குரல் வந்தது. வந்ததும் திட்டத்தான் வந்தது. "நூல் சுத்துற மோட்டார் பக்கத்துல பொறந்து வளந்தவ நீ. தாவணி தொங்கவுட்டுகினு ஒருத்தியாவது அந்த ரூமுக்குள்ள வருவாளா? நான்தான் வுட்டுருவனா? அது சக்கரம், இது சக்கரம் இல்லயா?"

எங்கள் வீட்டுப் பின்னறையில் பட்டு நூல் சுற்றும் மோட்டார் ஓடுகிறது. அங்கே வேலைக்கு வரும் பெண்கள் கதவருகிலேயே நின்று, முந்தியையோ ஷாலையோ மார்பின் குறுக்காக இழுத்து, இடுப்பின் பின்னால் முடிச்சுப் போட்டு, நுனிகளை உள்ளே செருகிவிட்டுத்தான் உள்ளே போவார்கள். என் மகளும் நடக்கத் தெரிந்த நாளிலிருந்து அப்படித்தான். தெருவுக்கு வந்தால் மட்டும் அவிழ்த்துத் தொங்கவிட்டுவிடுவாள்.

"காலேஜ்ல அப்டி கட்டிகினு போனா சிரிப்பாங்கம்மா."

"சிரிக்கட்டும். சிரிச்சா பல்லு கொட்டிடுமா?"

மகள் என்னைப் பார்த்தாள். பிறகு உள்ளே போய் ஒரு ஷாலை எடுத்து வந்து, ராணியின் எதிரே நின்று, மார்பின் குறுக்காக இழுத்துப் பின்னால் முடிந்து செருகினாள். "இஸ்துப் பாருப்பா."

இழுத்தேன். வரவில்லை. குனிந்து முடிச்சைப் பார்த்தேன். மறுபக்கம் போய் இழுத்தேன்.

"நல்லா இஸ்துப் பாரு. அப்பறம் ராத்திரி பூரா ஒக்காந்து யோசிக்காத."

என் பலத்தையெல்லாம் சேர்த்து இழுத்தேன். அவள்தான் ஒரு அடி பின்னால் நகர்ந்தாள். முடிச்சு அசையவில்லை. சட்டைப் பையிலிருந்து சாவியை எடுத்துக் கொடுத்தேன். அவள் வாங்கி விரலில் மாட்டிக்கொண்டாள்.

"படம் இன்னும் முடியலயேப்பா."

"இந்த வீட்டுல அது முடியவா போவுது?"

முடியவில்லைதான். மச்சான் சீக்கிரமே எழுந்து போய்விட்டார். என் மனைவிக்கு முள்ளிப்பட்டிலிருந்து போன் வந்தது. மகள் குளிக்கப் போனாள். டிவி தானாக அணைந்துவிட்டது.

மறுநாள் காலை அவள் ஷாலைக் குறுக்கே கட்டிக்கொண்டு வண்டியை எடுத்தாள். நான் வாசலில் நின்றேன். பாலத்துக்குப் போயிருப்பாள் என்று தோன்றியபோது கை போனைத் தேடியது. என் மனைவி வந்து அதைப் பிடுங்கினாள்.

"வண்டி ஓட்டிகினு கீறவளுக்கு போன் போடறீங்களே, அறிவு கீதா? நீங்களே தள்ளி வுட்டுருவீங்க போல கீதே."

கொஞ்ச நேரத்தில் மகளே பஸ்ஸிலிருந்து பேசினாள். "வந்துட்டேன்ப்பா. சீட்டும் கெடைச்சிடுச்சு. என் ஃப்ரெண்டு கேக்கறா, இன்னாடி இப்டி கட்டிகினு வந்துருக்கிற, சண்டைக்கா போறன்னு." பின்னால் யாரோ சிரித்தார்கள். அவளும் சிரித்தாள்.

நான் வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டிருக்கும்போது மச்சான் வந்தார். இரவெல்லாம் தூங்காத முகம். "கொழந்த போய்ச் சேந்துட்டாளா?" என்று கேட்டார். சேர்ந்துவிட்டாள் என்றேன். ஒரு நீண்ட மூச்சு விட்டார். அப்புறம் மெதுவாக, "மாப்ள, தப்பா நெனைக்காதீங்க. அந்தப் பூவுல கீழ் இதழ் போட்டோவுல சரியா வுழல. ஒரு வாட்டி அந்தத் தேர மட்டும் போட்டுப் பாத்துக்கட்டுமா?" என்றார்.

உள்ளே போய் ரிமோட்டை எடுத்து வந்து அவர் கையில் கொடுத்தேன். சக்கரம் சுற்றும் சத்தம் வருவதற்குள் தெருமுனையைத் தாண்டிவிட வேண்டும் என்று வேகமாக பைக்கை உதைத்தேன்.