வாப்பாவின் பேரில்லாத மெசின்

உயிரைத் தந்தவனும் அதைத் திருப்பி எடுத்தவனும் ஒருவனே, புகழ் அவனுக்கே. எங்கள் வாப்பா மௌத்தாகி ஒரு வருடமாகிறது. வீட்டில் நன்றாக எழுதத் தெரிந்தவர்கள் இருக்க, எட்டாம் வகுப்போடு நின்ற என்னிடம் இந்த நினைவு மலரின் பக்கங்களைத் தந்துவிட்டார்கள். வாப்பா கடைசியாக ஒரு பொறுப்பை என்னிடம்தான் சொன்னார் என்பதற்காக. எழுதினேன், கிழித்தேன், மறுபடி எழுதினேன். எதையாவது சொல்லப்போய் யாருக்காவது ஏதாவது ஆகிவிடுமோ என்கிற பயம் எனக்குச் சின்ன வயதிலிருந்தே உண்டு. பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

வாப்பா கல்முனைக்குடியில் பிறந்தவர். தகப்பனைச் சிறு வயதிலேயே இழந்த அவரைத் தூக்கி வளர்த்தது அவருடன் பிறந்த மூத்த காக்கா, எங்கள் பெரியவாப்பா. வாப்பா எங்கள் உம்மாவைக் கலியாணம் முடித்து மருதமுனைக்கு வந்த பிறகும் சவளக்கடை வயலை இருவரும் ஒன்றாகவே செய்தார்கள். பெரியவாப்பாவிடம் ஒரு உழவு மெசின், நாலு சக்கர ட்ரக்டர், இருந்தது. அவர் கலியாணம் முடித்த வருடம் புதிதாக எடுத்தது. யுத்தப் பிரச்சினைக் காலத்தில் ஒரு நாள் அந்த மெசினில் வயலுக்குப் போன பெரியவாப்பா திரும்பி வரவில்லை. மெசினும் வரவில்லை, அடக்க ஒரு மையத்தும் கிடைக்கவில்லை.

மையத்து இல்லாமலே தொழுவிக்கும் காயிப் ஜனாஸாவுக்குப் பெரியவாப்பாவின் மனைவி, எங்கள் பெரியும்மா, ஒருநாளும் சம்மதிக்கவில்லை. “உசிரோட இருக்கிற மனிசனுக்கு ஜனாஸாத் தொழுகையா?” என்று கேட்பார்.

பல வருடங்களுக்குப் பிறகு வாப்பா ஒரு பழைய உழவு மெசினை வாங்கிக்கொண்டு வந்தார். கைமாறிக் கைமாறி வந்தது. விற்றவருக்கும் அதன் பூர்வீகம் தெரியாது. முன்மூடி இல்லை, கம்பனித் தகடு இல்லை, நிறம் இன்னதென்று சொல்ல முடியாது. எஞ்சின் கட்டையில் இலக்கம் இருக்க வேண்டிய இடத்தை யாரோ அரத்தால் அராவி வழித்திருந்தார்கள். அதன் ஓரத்தில் 786 மட்டும் இருந்தது. பிஸ்மில்லாஹ்வுக்கு நம் ஆட்கள் எழுதும் எண். கடைச் சுவரிலும் லொறிக் கண்ணாடியிலும் எழுதுவதுபோல முந்திய சொந்தக்காரர் பரக்கத்துக்காக அடித்திருக்கிறார் என்றே நாங்கள் எல்லோரும் நினைத்தோம்.

வாப்பா அதற்கு நிறமடிக்கவில்லை. மூடியும் போடவில்லை. எங்கே நிறுத்தினாலும் அதன் முகம் ரோட்டைப் பார்க்கவே நிறுத்துவார். மாலையில் அஸர் தொழுதுவிட்டு வந்து பக்கத்தில் கதிரை போட்டு உட்காருவார். போகிறவர்களைக் கூப்பிடுவார்.

“இஞ்ச வாங்க. இது என்ன மாடல், எந்த வருசம்? சொல்லுங்க பாப்பம்.”

“தேட்டிபைவ் மச்சான்” என்று 35 மாடலைச் சொல்வார் ஒருவர்.

“ஒனக்கென்ன கண் பொட்டையா? இது வன்தேட்டிபைவ்” என்பார் மற்றவர்.

“ரெண்டும் இல்ல. நூஹு நபி கப்பலில ஏத்தின மெசின் இது. சோடி எங்க மச்சான்?” என்பார் இன்னொருவர்.

எல்லோரும் சிரிப்பார்கள். வாப்பாவும் சிரிப்பார். உழவுக்குப் போன ஊரெல்லாம் இதே கேள்விதான். எனக்கு ஒன்று மட்டும் உறுத்திக்கொண்டிருந்தது. பதில் சொல்கிறவர் மெசினைப் பார்ப்பார். வாப்பா மெசினைப் பார்க்க மாட்டார், அவருடைய முகத்தைப் பார்ப்பார். சிரித்து முடிந்து அவர் எழும்பிப் போகும்போதும் பார்த்துக்கொண்டே இருப்பார்.

புருஷனை இழந்த பெண்களின் வயலை முதலில் உழுது கொடுப்பது வாப்பாவின் வழக்கம். ஆனால் பெரியும்மாவின் வயலுக்கு மட்டும் வேறு ஆளின் மெசினைப் பிடித்துக் கொடுப்பார். ஏன் என்று கேட்டால், “அந்த வயல் சேறு மகள், இது புதைஞ்சு தாளும்” என்பார். சேறு எல்லா வயலிலும்தானே.

மழை பெய்தால் அராவிய இடம்தான் முதலில் துருப்பிடிக்கும். செங்காவியாக வடியும். வாப்பா விரலால் எண்ணெய் பூசுவார். தடவித் தடவி அந்த மூன்று இலக்கமும் வெள்ளிபோல் மினுங்கும். அந்த நேரத்தில் அவர் பக்கத்தில் போக எனக்குக் காலே வராது.

யாரைப் பற்றியும் வாப்பா குறை சொன்னதில்லை. ஊரில் எந்த வீட்டுச் சண்டையிலும் ஒரு பக்கம் சேர்ந்ததில்லை. அவர் நல்ல மனிசர் என்பதால்தான் அப்படி என்று நினைத்திருந்தேன். இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன். ஆனால் அது மட்டும்தானா என்று தெரியவில்லை.

கடைசி நாட்களில் பாரிசவாதம் வந்து வாப்பாவின் வாய் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டது. பேச்சு குறைந்தது. ஒரு பகல் என் கையைப் பிடித்தார்.

“மெசின்ட வயசப் பாரு மகள். காக்காட கலியாணத்துக்குச் சரியா வந்தா, தொழுவிச்சிடு.”

எனக்கு விளங்கவில்லை. விளங்கவில்லை என்று சொல்லவும் பயம். “ஓம் வாப்பா” என்றேன்.

அவரை அடக்கிய பிறகு அந்த ‘ஓம்’ என்னை நிம்மதியாக இருக்கவிடவில்லை. பாண்டிருப்பிலிருந்து ஒரு மெக்கானிக் அண்ணனைக் கூப்பிட்டேன். அவர் மெசினைச் சுற்றிச் சுற்றி வந்தார்.

“தேட்டிபைவ்தான் தங்கச்சி. முன்மூடி பூட்டுற துவாரத்தப் பாருங்க, மத்ததுக்கு இப்பிடி வராது. ரெண்டுக்கும் எஞ்சின் ஒண்டுதான். அதாலதான் ஊர்ச்சனம் சண்ட பிடிச்சிருக்கு.”

“வயசு?”

“பொறுங்க. மனிசர் வயசக் குறைச்சிச் சொல்லலாம். இரும்புக்கு ஏலாது.”

கியர்ப்பெட்டியின் கீழே மண்ணைச் சுரண்டி டீசலால் கழுவினார். வார்க்கும்போதே எழும்பிய எழுத்துகள் தெரிந்தன. ஒன்று மாதம், ஒன்று வருடத்தின் கடைசி எண் என்றார். அந்த மாடல் சில வருடங்கள்தான் வந்ததாம், ஆகவே ஒரு வருடம்தான் பொருந்துமாம். அது பெரியும்மாவின் கலியாணத்துக்கு முந்திய வருடம். கப்பலில் வந்து கைக்குக் கிடைக்க அவ்வளவு காலம் எடுத்திருக்கும்.

“அந்த வருசத்து மெசின் எத்தனையோ இருந்திருக்கும்தானே அண்ணன்?” என்று கேட்டேன். இல்லை என்று ஆகிவிடாதா என்ற ஆசைதான்.

“கனக்க இருந்திருக்கும். ஆனா நம்பரில மூணு மிச்சம் இருக்கே. முன்னுக்குள்ளத அராவிப்போட்டுக் கடைசி மூணையும் விட்டிருக்கான்.”

“அது நம்பர் இல்லண்ணன். பிஸ்மி.”

“பிஸ்மியோ என்னமோ எனக்குத் தெரியா தங்கச்சி. இது கம்பனி அச்சு. கையால அடிச்சா இப்பிடி ஒரு நேருக்கு வராது.”

ஊரே பார்த்த எண். எங்கள் கண்ணுக்கு அது பிஸ்மியாகவே தெரிந்தது. அந்த எண்ணுக்கு ஒரு அர்த்தமும் தெரியாத ஒருவர் வந்துதான் அதை எண்ணாக வாசித்தார். வாப்பாவுக்கு அந்தச் சந்தேகம் முதல் நாளிலிருந்தே இருந்திருக்க வேண்டும். ஊரிலுள்ள எல்லோரிடமும் வயது கேட்டவர், வயது சொல்லக்கூடிய ஒருவரைக் கூப்பிடவே இல்லை.

அன்றே கல்முனைக்குடிக்குப் போனேன். ஒன்றும் சொல்லாமல், பெரியவாப்பாவின் மெசின் நம்பர் தெரியுமா என்று மட்டும் பெரியும்மாவிடம் கேட்டேன். அவர் சிரித்தார்.

“முழுக்கத் தெரியா மகள். கடைசில எழுநூத்தி எண்பத்தாறு. மத்த மெசின் ஒண்டும் வேணா, இதத்தான் தாங்க எண்டு நிண்டு எடுத்தவரு. பிஸ்மி கம்பனியிலயே அடிச்சி வந்திருக்கு, இதில போறவனுக்கு ஒண்டும் நடக்காது எண்டு இஞ்ச ஊரெல்லாம் சொல்லித் திரிஞ்சாரு.”

நான் அழுதுவிட்டேன். பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். பெரியும்மா அழவில்லை. கையை மடியில் வைத்தபடி இருந்தார்.

“முன்னுக்குள்ளத அராவினவன் இத மட்டும் ஏன் மகள் விட்டான்?”

நான் கண்ணைத் துடைத்தேன்.

“பிஸ்மிய அராவக் கை வரல்ல” என்று அவரே சொன்னார். “அப்ப அவன் நம்மட ஆள்தான்.”

கதிரை எதற்கு, அந்தக் கேள்வி எதற்கு, சிரித்தவர்களின் முகத்தில் வாப்பா எதைத் தேடினார் என்பது எனக்கு அப்போதுதான் விளங்கியது. அத்தனை வருடம் யார் பக்கத்தில் தோளோடு தோள் சேர்த்துத் தொழுதாலும் ‘இவராக இருக்குமோ’ என்ற நினைப்போடுதான் வாப்பா நின்றிருப்பார்.

அடுத்த ஜும்ஆவுக்குப் பிறகு பெரியவாப்பாவுக்குக் காயிப் ஜனாஸா தொழுவித்தார்கள். பெரியும்மாதான் சொல்லி அனுப்பினார். நாங்கள் பெண்கள் அவருடைய வீட்டில் இருந்தோம். அங்கிருந்து பள்ளிவாசல் படியில் கழற்றிய செருப்புகள் மட்டும் தெரியும். ஒவ்வொரு சோடியாகப் பார்த்துக்கொண்டு வந்தேன். பாதியில் ஜன்னலை மூடிவிட்டேன்.

வாப்பாவைப் பார்த்த வைத்தியர்களுக்கும் தாதிமாருக்கும், கபுர் வெட்டியவர்களுக்கும், சந்தூக்கைத் தோளில் சுமந்தவர்களுக்கும், எங்கள் அடுப்பு எரியாத நாட்களில் சோறு கொண்டு வந்த அயல் வீடுகளுக்கும், பாண்டிருப்பு அண்ணனுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. நீங்கள் எல்லோரும் கேட்ட துஆக்களை அல்லாஹ் ஏற்றுக்கொள்வானாக.

இந்த மலர் ஊரில் வீடு வீடாகப் போகும். இலக்கத்தை அராவிய அந்த ஒருவர் உயிரோடு இருந்தால் அவருடைய வீட்டுக்கும் போகும். உங்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். மூன்று இலக்கத்தை விட்டுவைத்தீர்கள். அதனால்தான் எங்களால் தொழுவிக்க முடிந்தது. அதற்கு நன்றி. பெரியவாப்பா கிடக்கிற இடத்தைச் சொல்லுங்கள், வேறு எதையும் கேட்க மாட்டோம்.

மெசின் எங்கள் வளவில்தான் நிற்கிறது, முகம் ரோட்டைப் பார்த்தபடி. வாப்பாவின் கதிரையும் அங்கேதான் இருக்கிறது. அஸருக்குப் பிறகு பெரியும்மா வந்து அதில் உட்காருகிறார். அவர் யாரையும் கூப்பிடுவதில்லை, ஒன்றும் கேட்பதில்லை. போகிறவர்களைப் பார்க்கிறார்.

மகள்,
மருதமுனை