புகை அறைக்கு வெளியே டென்சில்

டென்சிலுக்குக் கனத்த குரல். இஞ்சின் அறையில் கத்திக் கத்திப் பேசிப் பழகிய குரல் அது. கரைக்கு வந்த பிறகும் சுருதி இறங்கவில்லை. வீட்டில் அவர் உப்பு கேட்டால் பக்கத்து வீட்டிலிருந்து உப்பு வரும் என்று அவர் மனைவி ஏஞ்சலம்மாள் கேலி செய்வாள்.

உவரியிலிருந்து பம்பாய்க்குப் பிழைக்க வந்த குடும்பம். அவர் பிறந்து வளர்ந்தது தாராவியில். பல வருடம் கப்பலில் ஃபிட்டராக இருந்தார். முதுகு பிடித்துக்கொண்டதும், செம்பூர்ப் பக்கம் ஒரு தனியார் மாலுமிப் பயிற்சிக் கல்லூரியில் தீயணைப்பு சொல்லிக்கொடுக்கச் சேர்ந்தார்.

கல்லூரி என்றதும் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். மூன்று மாடிக் கட்டிடம், பின்னால் ஒரு முற்றம், முற்றத்தில் ஒரு பழைய கன்டெய்னர். அந்தக் கன்டெய்னர்தான் புகை அறை. உள்ளே பலகை அடித்து வழியை வளைத்து வளைத்து விட்டிருந்தார்கள். கல்யாண மேடையில் விடுகிற புகை மெஷினால் அதை நிரப்பிக் கதவைச் சாத்துவார்கள். மூச்சுக்குக் கெடுதல் இல்லை. ஆனால் முகத்துக்கு நேரே நீட்டிய கை தெரியாது. மாணவன் மண்டியிட்டு, புறங்கையால் சுவரைத் தடவிக்கொண்டே மறுபக்கக் கதவுக்கு வந்து சேர வேண்டும். வந்தால் பாஸ். வராதவன் கப்பல் ஏற முடியாது.

ஒருமுறை தாராவிப் பையன் ஒருவன் உள்ளே பயந்துபோய் அழ ஆரம்பித்தான். டென்சிலுக்கு மனசு கேட்கவில்லை. தகரத்தில் வாயை வைத்து, "அழாதலே! இடது பக்கம் திரும்பு. ஆங், இப்பம் நேரா வா" என்றார். பையன் வந்துவிட்டான். அவன் அம்மா ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் வாசலில் டென்சிலின் கையைப் பிடித்துக்கொண்டு கண்கலங்கினாள். அந்த மரியாதை யாருக்குத்தான் பிடிக்காது? அதற்குப் பிறகு தமிழ்ப் பிள்ளைகள் யார் உள்ளே போனாலும் அவர் குரல் பின்னாலேயே போனது. மற்ற ஆசிரியர்களுக்குத் தமிழ் தெரியாது. தைரியம் சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டார்கள். பிகாரிலிருந்தும் உத்தரப் பிரதேசத்திலிருந்தும் வந்த பையன்கள் முழங்கால் தேயத் தேய இரண்டு தடவை, மூன்று தடவை போய் வந்தார்கள். நம் பிள்ளைகள் ஒரே தடவையில் பாஸ். டென்சிலுக்கு அதில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

அப்படிப் பாஸ் ஆனவன்தான் ஸ்டெர்லின். டென்சில் வீட்டுச் சந்துப் பையன். கப்பல் ஏறி ஒரு வருடம்கூட ஆகவில்லை, அவன் கப்பலில் தீப்பிடித்தது. தீ சின்னதுதான், புகைதான் பெரிது. மற்றவர்கள் தவழ்ந்து வெளியே வந்துவிட்டார்கள். ஸ்டெர்லினை மட்டும் தேடிப் போய்த் தூக்கி வந்தார்கள். கதவு அவன் கிடந்த இடத்திலிருந்து கை எட்டும் தூரத்தில்தான் இருந்ததாம்.

உயிர் பிழைத்தான், நுரையீரல் போய்விட்டது. பம்பாய் ஆஸ்பத்திரியில் டென்சில் பார்க்கப் போனபோது, மூச்சு வாங்க வாங்கச் சிரித்தான்.

"மொதல்ல பயமே இல்ல மாமா. உங்க கொரலு வரும், வரும்னு அப்படியே படுத்துக் கெடந்தேன். என்ன பைத்தியக்காரத்தனம் பாருங்க. நடுக்கடல்ல நீங்க எப்படி வருவிய?"

டென்சிலும் சேர்ந்து சிரித்தார். வெளியே வந்து மாடிப்படியில் உட்கார்ந்தார். தானே அவனை அந்தப் புகையில் படுக்க வைத்துவிட்டு வந்ததுபோல் இருந்தது. இதை அவனிடம் சொல்லிவிட வேண்டும் என்று எத்தனையோ நாள் கிளம்பிப் போயிருக்கிறார். சொன்னால் அவன் திட்டமாட்டான், "அதுக்கென்ன மாமா" என்பான். அதை நினைத்ததும் பாதி வழியிலேயே திரும்பிவிடுவார். ஸ்டெர்லின் இப்போது மொபைல் கடை வைத்திருக்கிறான். மாடி ஏற முடியாததால் கடையிலேயே படுத்துக்கொள்கிறான்.

இதற்கிடையில் கல்லூரிக்குப் புது முதல்வர் வந்தார். சுந்தரராமன், மாட்டுங்காக்காரர், பழைய கேப்டன். சர்டிபிகேட்டோடு வரும் பையன்களுக்கு ஒன்றும் தெரியவில்லை என்று கப்பல் கம்பெனிகள் முகம் சுளிக்க ஆரம்பித்திருந்த நேரம். கல்லூரியை நிமிர்த்தியே ஆக வேண்டும் என்று டிரஸ்ட் பணம் ஒதுக்கியிருந்தது. சுந்தரராமன் ஒவ்வொருவராகக் கூப்பிட்டு என்ன வேண்டும் என்று கேட்டார்.

டென்சில் சொன்னார்: "பொகை ரூம்ல தடுப்பு எல்லாத்தையும் கழத்தி மாட்டுத மாதிரி செய்யணும் சார். ஒவ்வொரு டெஸ்ட்டுக்கும் வழி மாறணும். மாத்துதது நானா இருக்கக் கூடாது. எனக்கு வழியே தெரியக் கூடாது."

"எல்லாரும் சிமுலேட்டர் வேணும்ங்கறா, நீங்க பலகையைக் கேக்கறேளே" என்று சிரித்தார் சுந்தரராமன். "அது சரி, உங்களுக்குத் தெரிஞ்சா என்ன?"

"தெரிஞ்சா சொல்லிருவேன் சார்."

சுந்தரராமன் சிரிப்பை நிறுத்திவிட்டு அதைக் குறித்துக்கொண்டார். பலகைகள் வந்தன. தேர்வு நாளில் அவற்றை மாற்றி வைக்கும் வேலை ஸ்டோர் பார்க்கும் நாணுவுக்குப் போனது. நாணு மாற்றும்போது டென்சில் முற்றத்துக்கே வரமாட்டார்.

அந்த வருடம்தான் டென்சிலின் மகள் ரீனா அதே கல்லூரியில் சேர்ந்திருந்தாள். தேர்வு அன்று மாஸ்க்கை மாட்டிக்கொண்டு, அப்பாவைப் பார்த்துக் கண்ணடித்துவிட்டு உள்ளே போனாள். தாராவிப் பிள்ளை அல்லவா, உள்ளே போனால் அப்பாவின் குரல் வரும் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது.

கொஞ்ச நேரம் தட்டித் தடவும் சத்தம் கேட்டது. பிறகு நின்றுவிட்டது.

"டாடி! எந்தப் பக்கம்?"

டென்சில் கன்டெய்னரை ஒட்டி நின்றார். உள்ளே நாணு மாஸ்க்கோடு காவலுக்கு நிற்கிறான், ஆபத்து ஒன்றும் இல்லை. அது தெரிந்தும் அவர் தகரத்தில் காதை வைத்தார்.

"டாடி! பிளீஸ்!"

"எனக்குத் தெரியாது மக்கா!" என்று கத்தினார். தெரிந்திருந்தால் சொல்லியிருப்பார் என்பது அவருக்கு நிச்சயமாகத் தெரிந்தது. அதற்காகத் தன்மேலேயே அவருக்கு வெறுப்பாக இருந்தது.

உள்ளே நெடுநேரம் சத்தமே இல்லை. பிறகு மெதுவாகச் சுவரைத் தடவும் ஓசை மறுபடி ஆரம்பித்தது. ரீனா மறுபக்கக் கதவு வழியாக வந்தாள், புறங்கை சிராய்த்து, முகமெல்லாம் கண்ணீரோடு. நேரே தண்ணீர்க் குழாய்க்குப் போனாள்.

பஸ்ஸில் சயான் வந்த பிறகுதான் வாயைத் திறந்தாள்.

"தெரியாதாம்! சும்மா ஜூட், பொய். ஊர்ப் பிள்ளைங்க எல்லாருக்கும் சொன்னீங்க. ஸ்டெர்லின் அண்ணனுக்குச் சொன்னீங்க. எனக்கு மட்டும் என்ன?"

டென்சில் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே சொன்னார். ஸ்டெர்லின் ஆஸ்பத்திரியில் சொன்னதை, ஒரு வார்த்தை விடாமல். அவருடைய குரல் பக்கத்தில் இருந்தவளுக்கே சரியாகக் கேட்கவில்லை. அவள் தலையைக் குனிந்து காதைக் கொடுத்துக் கேட்டாள்.

கேட்டு முடித்து, சிராய்த்த கையைத் துப்பட்டாவில் சுற்றிக்கொண்டாள்.

"நீங்க வழி சொன்னதாலதான் இப்படின்னு அண்ணனுக்குத் தெரியுமா டாடி?"

"தெரியாது. கப்பலுக்குப் போணும்னு கடைக்கு வந்து கேக்குத பிள்ளைககிட்ட எல்லாம் இன்னைக்கும் சொல்லிக்கிட்டிருக்கான், டென்சில் மாமாகிட்ட போங்க, அவிய கைவிட மாட்டாவன்னு."